பேட்டரியில் இருப்பது பல்புக்கு வந்து சேர்கிறதா?

கேள்வி: என்னிடம் 1996 மாடல் அம்பாசிடர் டீசல் வண்டி இருக்கிறது. அப்பா வாங்கியது, விற்க மனம் வரவில்லை. பகலில் ஒரு குறையும் இல்லை. இரவில் திருவாரூர் போய்த் திரும்பினால்தான் வம்பு. எதிரே பஸ் வந்து நான் டிம் போட்டதும் பாதையே தெரிவதில்லை. எங்கள் பக்கத்து ரோடுகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வயல், நடுவில் மேடாகத் தார். தை மாதத்தில் ரோட்டிலேயே நெல்லைக் காயப்போட்டுச் சுற்றிலும் கல் வைத்துவிடுகிறார்கள். போன அறுவடையில் அப்படி ஒரு கல்லில் முன்சக்கரம் ஏறிவிட்டது. பல்பை மாற்றியும் பார்த்தாகிவிட்டது. எங்கள் எலக்ட்ரீஷியன், “100/90 பல்ப் போடுங்க, பகல் மாதிரி இருக்கும்” என்கிறார். கும்பகோணத்தில் ஒருவர், “பல்பைத் தொடாதீங்க, ரிலே போட்டாப் போதும்” என்கிறார். யார் சொல்வது சரி? ரிலே போட்டால் வண்டிக்கு ஏதும் கேடு வருமா?
– ஒரு வாசகர், நன்னிலம்

பதில்: கும்பகோணத்துக்காரர் சொன்னதுதான் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் அவரை நம்பியும் உடனே காசை எடுக்காதீர்கள். முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள், அல்லது யாரிடமாவது இரவல் கேளுங்கள். பட்டறையில் யாரும் அளப்பதில்லை. பல்பைப் பார்த்து, “மங்கலா இருக்கு சார்” என்று சொல்லிவிட்டு, கையில் இருக்கும் பெரிய பல்பை எடுத்து மாட்டுகிறார்கள்.

எஞ்சினை ஓடவிட்டு, ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துப் பிடிக்க ஓர் ஆளை உட்கார வையுங்கள். ஹெட்லைட் டிம்மில் எரியட்டும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, பேட்டரியின் இரண்டு முனையிலும் பாருங்கள். 13.5-க்கும் 14.2-க்கும் இடையில் காட்டினால் சார்ஜிங்கில் பழுதில்லை. 13-க்குக் கீழே இருந்தால் இந்தப் பதிலை இங்கேயே மடித்து வைத்துவிட்டு பெல்ட், ஆல்டர்னேட்டரின் கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நிலையில் ரிலே போட்டும் பயனில்லை.

அடுத்து பல்பின் பின்பக்கம். ரப்பர் மூடியை விலக்கி, ஹோல்டர் பல்பில் மாட்டியிருக்கும்போதே, பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போதே, மீட்டர் முனையைப் பின்னால் நுழைத்து அளக்க வேண்டும். ஹோல்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அளந்தால் பேட்டரியில் இருப்பது அப்படியே காட்டும். அதைப் பார்த்து, “ஒயரிங் எல்லாம் சூப்பரா இருக்கு” என்று சொல்பவர் ஏராளம். கரண்ட் ஓடாத ஒயரில் இழப்பு ஏது? மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்துவிடும் தண்ணீர் கல்லணையில் நிறைய இருக்கும். உங்கள் கடைமடை வயலில் எவ்வளவு பாய்கிறது என்பது வழியிலுள்ள வாய்க்கால்களைப் பொறுத்தது அல்லவா, அதே கதைதான்.

பேட்டரியில் 13.8 இருந்து, பல்பில் 13.3-க்கு மேல் கிடைத்தால் உங்கள் ஒயரிங் நல்லது, குறை வேறெங்கோ இருக்கிறது. 12-க்குக் கீழே போய்விட்டால் மங்கலுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. பழைய அம்பாசிடரில் இரண்டு வோல்ட் காணாமல் போவது அதிசயமில்லை.

இரண்டு வோல்ட்தானே என்று தோன்றும். பதினான்கில் இரண்டு போனால் வெளிச்சத்திலும் ஏழில் ஒரு பங்குதான் குறையும் என்று கணக்குப் போடத் தோன்றும். ஹாலஜன் பல்ப் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. வோல்ட்டேஜ் 5 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 16 சதவீதம் குறைகிறது. 10 சதவீதம் குறைந்தால் 30 சதவீதம் போகிறது. எச்-4 பல்புக்கு உலக அளவில் ஒரு தரம் வைத்திருக்கிறார்கள்: 13.2 வோல்ட் கொடுத்தால் பிரைட்டில் சுமார் 1650 லூமென், டிம்மில் சுமார் 1000 லூமென். அதே பல்புக்கு 11.8 வோல்ட் மட்டும் போனால் டிம்மில் 680 லூமென் மிஞ்சும். நிறமும் வெள்ளையிலிருந்து பழுப்பு மஞ்சளுக்கு இறங்கிவிடும். நீங்கள் புது பல்ப் மாற்றியும் வித்தியாசம் தெரியாமல் போனதன் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

அந்த இரண்டு வோல்ட் எங்கே போகிறது? உங்கள் வண்டி மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழிவந்தது. அந்தக் காலத்து லூகாஸ் பாணி ஒயரிங்கில் ஹெட்லைட்டுக்கு ரிலே கிடையாது. ஃபியூஸ்கூட இல்லாத வண்டிகள் உண்டு. பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் முழுவதும் டேஷ்போர்டு ஸ்விட்சுக்குப் போய், அங்கிருந்து டிம்-பிரைட் ஸ்விட்சுக்குப் போய், திரும்ப முன்பக்கம் வந்து கிரில்லுக்குப் பின்னால் உள்ள கப்ளர்களைத் தாண்டி பல்புக்குள் நுழைய வேண்டும். இரண்டு பல்புக்கும் சேர்த்துச் சுமார் 10 ஆம்பியர். ஒரு சதுர மி.மீ. செம்பு ஒயரில் 5 மீட்டர் சுற்றி வந்தால் ஒயர் மட்டுமே 0.9 வோல்ட்டை விழுங்கிவிடும். மீதியை ஸ்விட்சின் தேய்ந்த காண்டாக்டும், பச்சைக் களிம்பு பிடித்த கப்ளரும், துரு ஏறிய எர்த்தும் பங்கு போட்டுக்கொள்கின்றன. டிம் ஸ்விட்ச் காலால் மிதிக்கும் வகை என்றால், ஐப்பசி கார்த்திகையில் சேற்றுக் காலோடு ஏறும் ஈரம் அத்தனையும் அதன் தலையில்தான்.

இப்போது 100/90 யோசனைக்கு வருவோம். உங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மாட்டியதும் கொஞ்சம் வெளிச்சம் கூடத்தான் செய்யும். ஆனால் டிம்மில் 55 வாட் இருந்த இடத்தில் 90 வாட் என்றால் கரண்ட் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறுகிறது, ஒயரில் விழும் வோல்ட்டேஜ் இழப்பும் அதே அளவு ஏறுகிறது. ஒயரிலும் ஸ்விட்சிலும் பிறக்கும் சூடு கரண்ட்டின் வர்க்கமாகக் கூடுவதால், ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு. கொடுத்த மின்சாரத்தில் கணிசமான பகுதி ரோட்டுக்குப் போகாமல் ஒயரிலும் ஸ்விட்சிலும் சூடாகிறது. ஸ்விட்சில் கருகல் வாடை, உருகிய ஹோல்டர், ரிஃப்ளெக்டரில் உரியும் வெள்ளிப் பூச்சு என்று வரிசையாக வரும். பல்பின் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பல கம்பெனிப் பெட்டிகளில் பொதுச் சாலையில் பயன்படுத்தக் கூடாது என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். எதிரே சைக்கிளில் வருகிற மனிதர் கண் கூசி வாய்க்காலில் இறங்குவதைப் பற்றி அந்தப் பெட்டியில் ஒன்றும் இல்லை.

ரிலே செய்வது எளிமையான வேலை. அதுவும் ஒரு ஸ்விட்ச்தான், ஆனால் கையால் தட்டுவதற்குப் பதில் சிறு கரண்ட்டால் தட்டுகிறோம். உள்ளே இருக்கும் காயிலுக்கு 0.2 ஆம்பியர் போதும். உங்கள் பழைய ஸ்விட்ச், பழைய ஒயர் எல்லாம் இனி இந்தச் சிறு கரண்ட்டை மட்டும் சுமக்கும். பல்புக்கான பெரிய கரண்ட் பேட்டரியிலிருந்து குறுக்கு வழியில், தடித்த ஒயரில், நேராக முன்பக்கம் போகும். 2.5 சதுர மி.மீ. ஒயரில் ஒன்றரை மீட்டர் ஓடினால் இழப்பு 0.1 வோல்ட். வண்டிக்குக் கேடு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் உழைத்த ஸ்விட்சுக்கு இதனால் ஓய்வுதான் கிடைக்கிறது.

ரிலேயின் அடியில் எண்கள் போட்டிருக்கும். 30 என்பது பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் ஒயருக்கு. 87 பல்புக்குப் போகும். 85, 86 இரண்டும் காயிலின் முனைகள். ஒன்று எர்த்துக்கு, மற்றது பழைய ஹெட்லைட் ஒயருக்கு. சில ரிலேக்களில் நடுவில் 87ஏ என்று ஐந்தாவது முனை இருக்கும். அதில் எதையும் மாட்டிவிடாதீர்கள், ஸ்விட்ச் போடாமலே விளக்கு எரியும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று, ஆக இரண்டு ரிலே. 12 வோல்ட், 30 அல்லது 40 ஆம்பியர் தாங்குவது போதும். ஒரே ரிலேயில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று யாராவது கணக்குச் சொன்னால் கேட்காதீர்கள். ஒன்று போனால் மற்றது எரிய வேண்டும்; முடிகொண்டான் ஆற்றுப் பாலத்தில் ஒரேயடியாக இருட்டானால் என்ன செய்வீர்கள்?

இதே காரணத்துக்காக ஃபியூஸும் தனித்தனியே. டிம்முக்கு நீல நிற 15 ஆம்பியர், பிரைட்டுக்கு மஞ்சள் நிற 20 ஆம்பியர். இரண்டும் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன். ஃபியூஸை ரிலே பக்கத்தில் வைத்துவிட்டு, பேட்டரியிலிருந்து அதுவரை வெறும் ஒயரை ஓடவிடுகிறார்கள். நடுவில் ஒரு தகட்டு விளிம்பில் அந்த ஒயர் உரசி உறை கிழிந்தால், வண்டியைக் காப்பாற்ற நடுவில் எதுவும் இல்லை.

கடையில் கிடைக்கும் ரெடிமேட் கிட் நல்ல வசதி. பழைய ஹோல்டரில் செருகும் ஒரு முனை, பல்புக்கு இரண்டு புது ஹோல்டர், இரண்டு ரிலே எல்லாம் சேர்ந்தே வரும். வண்டியின் ஒயரை வெட்ட வேண்டியதில்லை. வாங்கும்போது ஒன்று செய்யுங்கள். ஒயர் உறையின் தடிமனைப் பார்த்து ஏமாறாமல், நுனியைக் கொஞ்சம் சீவி உள்ளே செம்பு எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. அந்தக் கிட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கி மிஞ்சிய ஒயரை வைத்தும் சிலர் கட்டுகிறார்கள். செம்பில் குறையிருக்காது, எஞ்சின் சூட்டுக்கும் டீசல் எண்ணெய்க்கும் அதன் உறை தாங்காது. ஆட்டோ கேபிள் என்றே கேட்டு வாங்குங்கள். ஹோல்டர் பீங்கானாக இருந்தால் மேல்.

எர்த்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். போகும் ஒயரில் 2.5 சதுர மி.மீ. போட்டுவிட்டு, திரும்பி வரும் கரண்ட்டைத் துருப்பிடித்த ஸ்க்ரூவிடம் ஒப்படைத்தால் மிச்சப்படுத்திய வோல்ட்டை அங்கே இழப்போம். ஒவ்வொரு ஹெட்லைட்டிலிருந்தும் அதே தடிமனில் ஒரு கறுப்பு ஒயரை இழுத்து, பெயிண்டைச் சுரண்டிப் பளபளப்பாக்கிய இடத்தில் போல்ட் போட்டு முறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். முடிந்தால் நேராகப் பேட்டரியின் நெகட்டிவுக்கே கொண்டுபோங்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பல்ப் எரியும்போது மீட்டரின் ஒரு முனையைப் பல்பின் எர்த் காலிலும் மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். காட்டும் எண் 0.1-ஐத் தாண்டக் கூடாது.

இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றும் பழக்கத்தை உங்கள் பக்கத்தில் கண்டிப்பாக விட வேண்டும். ஐப்பசி மழையும் மார்கழிப் பனியும் டேப்புக்குள் புகுந்துகொண்டு வெளியே வராது. அடுத்த வருடம் பிரித்தால் செம்பு பச்சையாக இருக்கும். முனைகளை அதற்கான பிளையரால் நெரித்து, சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். ரிலேக்களை ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டாமல், பானெட்டுக்குள் பக்கவாட்டுத் தகட்டில், உயரமாக, முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டவும். ஒயர் ரிலேக்குக் கீழே ஒருமுறை தாழ்ந்து பிறகு மேலேறினால், ஒயர் வழியே வழியும் மழைத்தண்ணீர் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும். ஒரு ரிலேயைக் கூடுதலாக வாங்கி டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வையுங்கள்.

வேலை முடிந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். பல்பில் 13.3-க்கு மேல் இருந்தால் எலக்ட்ரீஷியனுக்குக் கூலியோடு காபியும் வாங்கிக் கொடுக்கலாம்.

வெளிச்சம் கூடிய பிறகு ஹெட்லைட்டின் பார்வை சரியாக இருக்க வேண்டும். குரோம் வளையத்தைக் கழற்றினால் மேலே ஒரு ஸ்க்ரூ, பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ தெரியும். சமதளமான இடத்தில் ஒரு வெள்ளைச் சுவருக்கு 7.5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். கல்யாண மண்டபத்துச் சுவர் இதற்கு நல்லது. வழக்கமாகப் பின்சீட்டில் எத்தனை பேர் வருவார்களோ அத்தனை பேரை ஏற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பின்னால் பாரம் ஏறினால் மூக்கு தூக்கும். டிம்மில், சுவரில் விழும் வெளிச்சத்தின் மேல்விளிம்பு ஹெட்லைட்டின் நடு உயரத்தைவிட 7.5 செ.மீ. கீழே இருக்க வேண்டும். இடதுபக்கம் மட்டும் விளிம்பு கொஞ்சம் மேலேறும். அது நம் பக்கத்து ரோட்டோரத்தைக் காட்டுவதற்காக அமைத்தது. கல் வைத்த நெல்லும், விளக்கில்லாத டிரெய்லரும், படுத்திருக்கும் மாடும் உங்களுக்குத் தெரியப்போவது இந்த இடதுபக்கத்து வெளிச்சத்தில்தான். வெளிநாட்டு ஹெட்லைட் என்று யாராவது மலிவாகக் கொடுத்தால், வலதுபக்கம் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அது வலதுபக்கம் வண்டி ஓட்டும் நாட்டுக்குச் செய்தது, இங்கே எதிரே வருபவரின் முகத்தில் நேராக அடிக்கும்.

முன்பெல்லாம் போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்தி ஹெட்லைட் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டிவிடுவார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் தப்பான கோணத்தில் நிற்கும் லைட்டைப் பொட்டு திருத்தாது, ஸ்க்ரூதான் திருத்தும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி கேட்பதும் ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்பதைத்தான்.

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. பல்பைக் கழற்றும்போது அதன் மேல் 60/55 என்று இருக்கிறதா, 45/40 என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் அது ஹாலஜனே அல்ல, பழைய சாதா பல்ப், அடித்தட்டும் வேறு. அப்போது எச்-4 பல்ப் பொருந்தும் ஏழு அங்குல வட்ட ரிஃப்ளெக்டர் ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். ஜீப்புக்கும் அதே அளவு என்பதால் எங்கும் கிடைக்கும். ரிஃப்ளெக்டர் உள்ளே கறுத்திருந்தாலும் இதே யோசனைதான்; கறுத்த கண்ணாடிக்கு 14 வோல்ட் கொடுத்தும் லாபமில்லை.

கேள்வி: ரிலே, ஒயர் என்று அலைவதற்குப் பதில் எல்இடி பல்ப் மாட்டிவிட்டால் கரண்ட்டும் மிச்சம், வெளிச்சமும் கூடுதல் என்கிறார்களே?
– ஒரு வாசகர், குடவாசல்

பதில்: கரண்ட் மிச்சம் என்பது உண்மை. வெளிச்சம் கூடுதல் என்பது பாதி உண்மை. ஹாலஜனுக்குச் செய்த ரிஃப்ளெக்டர், மெல்லிய இழை ஒன்று குறிப்பிட்ட இடத்தில் எரியும் என்ற கணக்கில் வளைக்கப்பட்டது. எல்இடி பல்பில் ஒளி வரும் இடமும் வடிவமும் வேறு. ஒளி சிதறும்; சுவரில் அடித்துப் பார்த்தால் டிம்மின் மேல்விளிம்பு கலங்கித் தெரியும். காருக்குப் பக்கத்தில் பளீரென்று இருக்கும், ஐம்பது மீட்டர் தள்ளி ஒன்றும் இருக்காது, எதிரே வருபவருக்கு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். கம்பெனியிலிருந்தே எல்இடி ஹெட்லைட்டோடு வரும் புது வண்டிகள் வேறு வகை. அவற்றின் கூடு முழுவதும் அதற்கென்றே வடிவமைத்தது.

கேள்வி: என் பழைய ஜிப்ஸிக்கு ரெடிமேட் ரிலே கிட் வாங்கி மாட்டினோம். ஒரு லைட்டும் எரியவில்லை. பழையபடி மாட்டினால் எரிகிறது. கிட் பழுதா?
– ஒரு வாசகர், பேரளம்

பதில்: கிட் பெரும்பாலும் நல்லதாகத்தான் இருக்கும். சுஸுகியின் இந்த வண்டியில் ஹெட்லைட் ஒயரிங் தலைகீழ். அம்பாசிடரில் ஸ்விட்ச் பாசிட்டிவை டிம்முக்கோ பிரைட்டுக்கோ அனுப்பும், எர்த் எப்போதும் இருக்கும். ஜிப்ஸியில் பாசிட்டிவ் பல்பின் பொதுக் காலுக்கு வந்துவிடும், ஸ்விட்ச் எர்த்தைத்தான் டிம்முக்கோ பிரைட்டுக்கோ கொடுக்கிறது. கடையில் விற்கும் கிட் முதல் வகைக்குச் செய்தது. உங்கள் வண்டியில் அதன் காயிலுக்கு இரண்டு பக்கமும் எர்த்தே கிடைக்கிறது, ரிலே எப்படி இழுக்கும்?

மாற்றம் சிறியது. கிட்டில் இரண்டு ரிலேயின் காயில் எர்த்தையும் பாடியிலிருந்து கழற்றி, பழைய ஹோல்டரின் பொதுக் காலில் வரும் பாசிட்டிவோடு சேர்த்துவிடுங்கள். காயிலின் மறுமுனைகள் இப்போது இருப்பது போலவே டிம், பிரைட் ஒயர்களில் இருக்கட்டும். புது ஹோல்டர்களின் பொதுக் கால் மட்டும் பாடியில் எர்த் ஆகவேண்டும். தொடுவதற்கு முன் டெஸ்ட் லேம்ப்பின் கிளிப்பைப் பாடியில் மாட்டி, ஹெட்லைட்டைப் போட்டு, பழைய ஹோல்டரின் மூன்று முனைகளையும் தொட்டுப் பாருங்கள். டிம்மிலும் பிரைட்டிலும் ஒரே முனை எரிந்தால் அதுதான் பொதுக் கால், நான் சொன்னபடி செய்யலாம். டிம்முக்கு ஒன்றும் பிரைட்டுக்கு வேறொன்றுமாக எரிந்தால், யாரோ ஏற்கெனவே உங்கள் ஒயரிங்கை மாற்றியிருக்கிறார்கள். அதை முழுசாகப் பிரித்துப் பார்க்காமல் கிட்டை மாட்ட வேண்டாம்.

மாட்டிய பிறகு ரிலே ‘டிக் டிக்’ என்று அடித்துக்கொண்டு லைட் துடித்தால், காயிலுக்குப் போகும் வோல்ட்டேஜ் போதவில்லை என்று பொருள். ஜிப்ஸியில் அதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஸ்விட்சின் எர்த் ஒயர்.